கையெழுத்துப் பாணி எழுத்துருவை எங்கே வைப்பது? வன்னியில் அழைப்பிதழும் பனரும் செய்யத் தொடங்குவோருக்கு

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே எல்லா வேலையும் வந்துவிடும். கல்யாண அழைப்பிதழ், சாமத்திய வீட்டுப் பனர், குடிபூரல் காட், கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, 31ஆம் நாளுக்கான கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம். கொண்டுவருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, எழுத்தை வடிவாப் போடுங்கோ." உடனே கை போவது கையால் எழுதினதுபோல் இருக்கும் எழுத்துருவிடம். அது நல்ல எழுத்துருதான். ஆனால் முழு அழைப்பிதழையும் அதிலேயே அடித்தால், கலியாண வீட்டுக்கு வரவேண்டிய பெரியப்பா மண்டபத்தின் பெயரை வாசிக்க முடியாமல் பேரப்பிள்ளையைக் கூப்பிடவேண்டி வரும்.

நான் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்: கையெழுத்துப் பாணி ஒரு ஆள் பேசுகிற இடத்துக்கு உரியது. தகவல் சொல்கிற இடத்துக்குச் சாதாரண அச்செழுத்து. மணமக்களின் பெயர், "அன்புடன் அழைக்கிறோம்", தேன் போத்தலில் அதைச் செய்த வீட்டின் பெயர் எல்லாம் ஆள் பேசும் இடங்கள். திகதி, நேரம், இடம், தொலைபேசி இலக்கம் எல்லாம் தகவல்.

முதலில் எழுத்தைப் பார்க்கப் பழகுங்கள்

ஆங்கிலத்தில் கையெழுத்துப் பாணி என்றால் ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும். தமிழை எவ்வளவு வேகமாக எழுதினாலும் எழுத்துகள் பெரும்பாலும் தனித்தனியாகவே நிற்கும். ஆகவே தமிழில் கையின் சாயலைக் கொண்டுவருவது வேறு விடயங்கள்: எழுத்து வலப்பக்கம் சாய்வது, கோடு ஓரிடத்தில் தடித்து இன்னோரிடத்தில் மெலிவது, மூலைகள் இளகுவது. ட, ப, ம மூன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். அச்செழுத்தில் ட ஒரு நேர்மூலை. கையெழுத்துப் பாணியில் அந்த மூலை வளைந்துவிடும். ப பெட்டியாக நிற்காமல் கிண்ணமாக மாறும். இந்த மூன்றும் இயல்பாக இருக்கும் எழுத்துருவில் மற்றவையும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது கவிவாணர். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் வடிவமைத்தது. சாய்ந்த, கையெழுத்துச் சாயல் கொண்ட தமிழ் எழுத்துரு. கூகிள் ஃபொண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. திறந்த உரிமத்தில் வெளிவந்ததால் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் தாராளமாகப் பாவிக்கலாம். அவரே செய்த பவனம் சாய்வில்லாத, அமைதியான எழுத்துரு. இரண்டையும் ஒரே காட்டில் வைத்தால் ஒன்றோடொன்று சண்டை பிடிக்காது. கொஞ்சம் விளையாட்டுத்தனம் வேண்டுமென்றால் அரிமா இருக்கிறது. அது கையெழுத்து அல்ல, ஆனால் முனைகள் உருண்டு மென்மையாக இருக்கும். பிறந்தநாளுக்கும் முன்பள்ளி விழாவுக்கும் பொருந்தும். தடித்து, குண்டாக, தூரத்துக்குத் தெரியவேண்டும் என்றால் பாலூ தம்பி.

எங்கேயோ இருந்து வட்ஸ்அப்பில் வந்த எழுத்துருக் கோப்பை உரிமம் தெரியாமல் வேலைக்குப் பாவிக்காதீர்கள். ஒரு எழுத்துருவை வரைபவருக்கு அது பல மாத உழைப்பு. தமிழில் உகர ஊகார உயிர்மெய்கள் மட்டும் 36. ஒவ்வொன்றும் தனியாக வரையப்படவேண்டியது.

பாமினியா, யுனிகோடா

இதைத் தெளிவாக்காமல் அடுத்த படிக்குப் போகமுடியாது. எங்கள் பக்கத்து அச்சகங்கள் நெடுங்காலம் பாமினியிலேயே ஓடின, இன்றும் பல ஓடுகின்றன. பாமினியில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவம் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் உங்கள் அழைப்பிதழ் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுண்டு கிடக்கும். யுனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே இலக்கம். கவிவாணர் போன்றவை எல்லாம் யுனிகோட் எழுத்துருக்கள்.

பாமினியில் அடித்த பழைய வசனத்தைத் தெரிவுசெய்து எழுத்துருவை மட்டும் கவிவாணருக்கு மாற்றினால் ஒன்றும் நடக்காது, அல்லது ஆங்கிலம் வரும். என்எச்எம் போன்ற ஒரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்கவேண்டும். விரலுக்குப் பாமினி பழகிவிட்டவர்கள் புதிதாக விசைப்பலகை படிக்கத் தேவையில்லை. இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி அமைப்பைத் தெரிவுசெய்தால் அதே விரலோட்டத்தில் யுனிகோட் வரும்.

மாற்றியபின் ஒரு வேலை இருக்கிறது, பலர் தவறவிடுவது. பாமினியில் அடிப்பவர்கள் "ரி" என்பதற்கு ர-வுக்குப் பதில் காலையும் (ா) மேல் விசிறியையும் (ி) அடிப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். யுனிகோடுக்கு மாற்றியதும் அது "ாி" ஆகிவிடும். அதேபோல "ர்" என்பது "ா்" ஆகிவிடும். சாதாரண எழுத்துருவில் கண்ணுக்குத் தப்பிவிடும். கையெழுத்துப் பாணியில் காலும் ர-வும் வெவ்வேறு சாய்வில் வரையப்பட்டிருப்பதால் விசிறி அந்தரத்தில் தொங்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். "கௌரி"யை "கெளரி" என்று அடிப்பதும் இதே வகை. ௌ என்ற குறியை அடிக்காமல் ஒற்றைக் கொம்பையும் ள-வையும் அடித்துவிடுவது. மணப்பெண்ணின் பெயர் கௌரி என்றால் அந்தப் பிழை அழைப்பிதழின் மிகப் பெரிய எழுத்தில் நிற்கும். ஆகவே மாற்றியவுடன் தேடி மாற்றும் வசதியைத் திறந்து இந்த மூன்றையும் துப்புரவாக்குங்கள். பிறகுதான் வடிவமைப்பு.

மென்பொருளையும் பார்க்கவேண்டும். வேர்ட்டில் யுனிகோட் தமிழ் பிரச்சினையில்லாமல் வரும். போட்டோஷொப்பில் "கொ" என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதாகக் கண்டால் எழுத்துருவில் பிழையில்லை. மென்பொருளின் விருப்பத்தெரிவுகளில், எழுத்து என்ற பகுதியில், தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் (புதிய பதிப்புகளில் வேர்ள்ட்-ரெடி என்று இருக்கும்) தெரிவுசெய்து, மென்பொருளை மூடித் திறவுங்கள். இன்டிசைனில் பந்தி அமைப்பில் வேர்ள்ட்-ரெடி என்று இருப்பதைத் தெரிவுசெய்யவேண்டும்.

உங்கள் ஊர்ப் பெயர்களால் சோதியுங்கள்

எழுத்துருவின் மாதிரிப் படத்தில் "தமிழ்" என்றோ "வணக்கம்" என்றோ எழுதியிருப்பார்கள். அதை வைத்து ஒன்றையும் தீர்மானிக்காதீர்கள். நாங்கள் அன்றாடம் அடிக்கவேண்டியவை வேறு. இதை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள்:

புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், வற்றாப்பளை, இரணைமடு, முறிகண்டி, நெடுங்கேணி, செட்டிகுளம், முத்தையன்கட்டு. ஸ்ரீ, லக்ஷ்மி, ஜெயந்தி, விக்னேஷ், ஹரிணி, கௌரி, தாரா. கூ சூ டூ தூ நூ பூ மூ யூ ரூ லூ ளூ றூ.

புதுக்குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது எழுத்து. அதில் பு, து, கு, ரு, பு என்று ஐந்து உகரம். ஒவ்வொன்றின் வாலும் வெவ்வேறு விதம்: பு-வுக்கு நேரே கீழே இறங்கும் கோடு, கு-வுக்கு வளைவு, து-வுக்கு வலப்பக்கம் சுழன்றெழும் வால். டி தனி வடிவம். மிச்சம் இரண்டு புள்ளி எழுத்தும் ஒரு யி-யும். ஒரு எழுத்துரு கவலையீனமாக வரையப்பட்டிருந்தால் இந்த ஒரு ஊர்ப் பெயரிலேயே பிடிபட்டுவிடும். வால்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா, புள்ளி எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வற்றாப்பளை. கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு அடிக்கும் நோட்டீஸ், தண்ணீர்ப் பந்தல் பனர் எல்லாவற்றிலும் இந்தப் பெயர் வரும். சில கையெழுத்துப் பாணிகளில் ள-வின் வலக்கால் குட்டையாகி ன-வைப்போல் ஆகிவிடும். அப்போது கோயிலின் பெயர் "வற்றாப்பனை" என்று நிற்கும். தாரா என்ற பெயரில் கால், ர, கால் என்று மூன்று ஒரே சாயல் கோடுகள் வரிசையாக வருகின்றன. ர-வின் அடிச்சரிவு தெளிவில்லாவிட்டால் அதை வாசிக்கவே முடியாது. ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு என்பதை 10 புள்ளி (பொயின்ட்) அளவில் அச்சடித்துப் பாருங்கள். திரையில் பெருப்பித்துப் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

கிரந்த எழுத்துகள் சில எழுத்துருக்களில் இருக்கவே இருக்காது. அந்த இடத்தில் கணினி வேறொரு எழுத்துருவிலிருந்து ஸ்ரீ-யை எடுத்து ஒட்டிவிடும். சாய்ந்த பெயருக்கு முன்னால் நிமிர்ந்த ஸ்ரீ ஒன்று நிற்கும். கண்டுபிடித்தால் அந்தக் குடும்பத்துக்கு வேறு எழுத்துரு.

பழைய எழுத்துமுறையையும் கவனியுங்கள். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. எங்கள் வீட்டு முதியவர்களின் கையெழுத்தில் பழைய லை, னை இன்னும் வரும், பார்க்க மிக அழகு. ஆனால் அழைப்பிதழில் போட்டால் இளம்பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஒரு தலைப்புக்கு, அதுவும் கேட்டால் மட்டும்.

அழைப்பிதழில் இடம் பிரித்தல்

அரைத்தாள் அளவுக் காட், அதாவது ஏ5, 148க்கு 210 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மணமக்களின் பெயர் கையெழுத்துப் பாணியில் 26 முதல் 30 புள்ளி. "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கும் அந்த நீண்ட வசனம் பவனத்திலோ நோட்டோ சான்ஸ் தமிழிலோ 11 அல்லது 12 புள்ளி. மண்டபம், நேரம், தொலைபேசி அதே அச்செழுத்தில், தேவையென்றால் தடிப்பாக. கடைசியில் "தங்கள் வரவை விரும்பும்" மறுபடி கையெழுத்துப் பாணி. இவ்வளவுதான். இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம்.

வரிகளுக்கு இடையில் தாராளமாக இடம் விடுங்கள். தமிழில் மேலே விசிறியும் புள்ளியும், கீழே மூ, கு என்று வால்களும் இருக்கின்றன. 12 புள்ளி எழுத்துக்கு 18 புள்ளி வரியிடைவெளி என்றால் மூச்சு விடலாம். எழுத்துகளுக்கிடையில் இடைவெளியைக் கூட்டவேண்டாம், கையெழுத்தின் ஓட்டம் செத்துவிடும். ஏற்கெனவே சாய்ந்த எழுத்துருவில் மறுபடி சாய்வு பொத்தானை அழுத்தவேண்டாம். கவிவாணருக்கு ஒரே ஒரு தடிப்புத்தான். தடிப்புப் பொத்தானை அழுத்தினால் கணினி தானாகவே கோட்டை ஊதிப் பெருப்பிக்கும், சுழிகளுக்குள் மை அடைத்ததுபோல் ஆகிவிடும். பெரிதாக்க வேண்டுமென்றால் அளவைக் கூட்டுங்கள்.

இன்றைக்கு அழைப்பிதழ் முதலில் போய்ச் சேர்வது போனுக்கு. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் சொந்தங்கள் அதை வட்ஸ்அப்பில்தான் பார்க்கப்போகிறார்கள். அனுப்பும்போது படம் நசுங்கும், மெல்லிய கோடுகள் முதலில் மங்கும். அச்சுக்கொரு கோப்பும் போனுக்கு வேறொரு கோப்பும் செய்யுங்கள். போனுக்கானதில் பெயரை இன்னும் பெரிதாக்கி, பின்னணிப் பூவை வெளிறச் செய்து, உங்கள் சொந்த இலக்கத்துக்கு ஒருமுறை அனுப்பித் திறந்து பாருங்கள்.

வீதியோரப் பலகை

ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் பரந்தனுக்கும் இடையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பலகை கேட்கிறார்கள் என்று வையுங்கள். வாகனம் மணிக்கு 60 கிலோமீற்றரில் வந்தால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர் கடந்துவிடும். ஓட்டுநர் வாசித்து, முடிவெடுத்து, வேகத்தைக் குறைக்க மூன்று செக்கனாவது கொடுக்கவேண்டும். அதாவது 50 மீற்றர் தூரத்திலிருந்தே எழுத்து விளங்கவேண்டும். பலகை எழுதுபவர்களின் கணக்கு பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். 50 மீற்றர் என்பது 165 அடி அளவு, ஆகவே 16 அங்குல எழுத்து. நாலடி உயரப் பலகையில் இரண்டு வரிக்கு மேல் வராது. கையெழுத்துப் பாணிக்கு அந்தக் கணக்கும் காணாது, இன்னும் பெரிதாக வேண்டும்.

அதனால் வீதிப் பலகையில் கடையின் பெயர் மட்டும் கையெழுத்துப் பாணியில், அதுவும் பெயர் சிறிதாக இருந்தால். "சாப்பாடு", "தேநீர்" போன்றவை பாலூ தம்பி மாதிரித் தடித்த எழுத்தில். சிங்களமும் ஆங்கிலமும் சேர்த்து மூன்று மொழியில் போடும்போது தமிழை மட்டும் சாய்த்து ஆடவிட்டால் பார்ப்பவருக்கு அது வேறு பலகையிலிருந்து வெட்டி ஒட்டியதாகத் தெரியும். மூன்றையும் நிமிர்ந்த எழுத்தில் ஒரே எடையில் வையுங்கள். எங்கள் வெயிலுக்குச் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும், புழுதி மெல்லிய கோடுகளை மூடும். வெள்ளையில் கடுநீலம் அல்லது கறுப்பு நீண்டநாள் நிற்கும். எழுத்தைச் சுற்றித் தடித்த வெள்ளை விளிம்பு போடும் பழக்கத்தைக் கையெழுத்துப் பாணியில் விட்டுவிடுங்கள், சுழிகளை அது தின்றுவிடும்.

பொருந்துமிடமும் பொருந்தாத இடமும்

வீட்டில் செய்து விற்கும் பொருட்களுக்கு இந்தப் பாணி மிகப் பொருத்தம். வன்னித் தேன், ஒடியல் மா, மோர் மிளகாய், பனங்கட்டி என்று பொதி செய்யும் பெண்கள் குழுக்கள் பல இருக்கின்றன. லேபிளில் பொருளின் பெயரைக் கையெழுத்துப் பாணியில் போட்டால் ஒரு கை செய்தது என்பது சொல்லாமலே தெரியும். நிறை, விலை, காலாவதித் திகதி, சேர்க்கப்பட்டவை கட்டாயம் அச்செழுத்தில்.

கோயில் திருவிழா நிகழ்ச்சிநிரலுக்கு வேண்டாம். நாள், நேரம், உபயகாரர் பெயர் என்று அடர்ந்த பட்டியல் அது. முன்பள்ளிப் பயிற்சித்தாளுக்கும் வேண்டாம். எழுத்துப் பழகும் பிள்ளை காண்பதைத்தான் எழுதும். சாய்ந்த, இளகிய ட-வைக் காட்டிவிட்டு நேரான ட-வை எதிர்பார்க்கக்கூடாது. மரண அறிவித்தலுக்கு ஒருபோதும் வேண்டாம். அதை ஆட்கள் அவசரத்தில் வாசிப்பார்கள். எத்தனை மணிக்குக் கிரியை, எந்த மயானம் என்பதுதான் அவர்களுக்குத் தேவை.

கல்வெட்டில் விடயம் வேறு. அங்கே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதும் நினைவுக் குறிப்புகள் இருக்கும். பத்தியை அச்செழுத்தில் அடித்து, எழுதியவர் பெயரை மட்டும் கையெழுத்துப் பாணியில் வைத்தால் நன்றாக இருக்கும். ஆனால் இறந்தவரே பேசுவதுபோல ஒரு வசனத்தைத் தயாரித்து, அதை இந்த எழுத்துருவில் போடுவதை நான் செய்யமாட்டேன், செய்யச் சொல்லவும் மாட்டேன். அவர் எழுதாததை அவர் கையால் எழுதியதாகக் காட்டக்கூடாது.

அதற்குப் பதில் ஒன்று கேளுங்கள்: "அம்மா கைப்பட எழுதினது ஏதும் வீட்டில் இருக்கோ?" 2008, 2009 இடப்பெயர்வுகளில் இங்கே எத்தனையோ குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு கடிதங்களையும் கொப்பிகளையும் விட்டுவிட்டு ஓடின. மிஞ்சியது குறைவு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிய ஒரு கடிதம், கடைக் கணக்குக் கொப்பி, தேவாரம் எழுதிய ஒற்றைத் தாள், எது கிடைத்தாலும் எடுங்கள். 600 டிபிஐயில் ஸ்கான் செய்து, நிறத்தை மாற்றாமல், மடிப்புக் கோட்டை அழிக்காமல், கல்வெட்டின் ஒரு முழுப்பக்கத்தில் வையுங்கள். எந்த எழுத்துருவும் அதற்குக் கிட்ட வராது. வெறும் பெயரை மட்டும் எடுத்து அட்டையில் போட விரும்பினால் இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் படத்தைக் கோடுருவாக மாற்றும் வசதி இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

உயிரோடு இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். கலியாண அழைப்பிதழில் தாத்தாவைக் கொண்டு வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் மணமக்களின் பெயரை எழுதுவித்து எடுங்கள். சந்தோசமாக எழுதித் தருவார்கள்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது

உங்கள் கணினியில் இருக்கும் எழுத்துரு அச்சகத்தில் இருக்குமென்று நம்பவேண்டாம். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள், அல்லது எழுத்தை உருவமாக மாற்றிய பிரதி ஒன்றை அனுப்புங்கள். உருவமாக மாற்றியபின் வசனத்தைத் திருத்தமுடியாது, ஆகவே திருத்தக்கூடிய மூலக்கோப்பை வேறாக வையுங்கள். அந்தக் கோப்புறைக்குள்ளேயே எழுத்துருக் கோப்பையும் அதோடு வந்த உரிமத் தாளையும் போட்டு வைத்தால், அடுத்த வருடம் அதே வீட்டில் இளைய பிள்ளையின் கலியாணத்துக்குத் தேடித் திரியவேண்டியதில்லை.

போட்டோக்கொப்பியில் பெருக்கப்போகும் நோட்டீஸ் என்றால் முதலில் ஒரு பிரதியைக் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பியை மறுபடி கொப்பி எடுத்துப் பாருங்கள். மெல்லிய கோடு எங்கே அறுகிறது என்பது அப்போது தெரியும். அந்த வரியை அச்செழுத்துக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் மாதிரி கைக்கு வந்ததும் வீட்டுக்காரர் எழுதித் தந்த தாளைப் பக்கத்தில் வைத்து, கண்ணாடி போட்டு வாசிக்கும் வயதில் ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தாளைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். அவர் நின்று யோசிக்கும் ஒவ்வொரு இடத்தையும் பேனாவால் அடையாளமிடுங்கள். அந்த இடங்களில் எழுத்துப் பிழை இல்லாவிட்டாலும் எழுத்துருவை மாற்றி, இரண்டாவது மாதிரி எடுத்து, வீட்டுக்காரரிடம் கையொப்பம் வாங்கியபின் மிச்சத்தை அச்சடிக்கச் சொல்லுங்கள்.